உபயமும் கட்டளையும்: தாமிரபரணிக் கரையில் கொடையும் நடைமுறைச் செலவும்

1. மூன்று பீரோக்கள்

திருநெல்வேலிப் பேட்டையில் ஒரு மாலைப் பள்ளி. பள்ளி என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் அது ஓர் அறை. பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும் கூலி வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் சாயங்காலம் ஐந்தரைக்கு வருவார்கள், ஏழரைக்குக் கலைவார்கள். நான் போன நாளில் அறை பூட்டியிருந்தது. பொருளாளர் சாவி கொண்டுவந்து திறந்தார். உள்ளே சுவரோரம் மூன்று இரும்புப் பீரோக்கள். ஒவ்வொன்றின் கதவிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெயர், அதன் கீழே ஒரு தேதி, மேலே 'உபயம்' என்ற சொல். இரண்டில் புத்தகங்கள் இருந்தன. மூன்றாவதில் ஒன்றுமில்லை, பூச்சி உருண்டை வாசனை மட்டும். பாடம் சொல்லிக் கொடுத்த பெண் இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோனதால் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டார். அதனால்தான் பூட்டு.

"எல்லாரும் பீரோ வாங்கித் தாராவ அண்ணாச்சி. அதத் தொறந்து பொஸ்தகம் எடுத்துக் குடுக்க ஒரு ஆளு வேணும்னா மாட்டேங்காவ" என்றார் பொருளாளர். அவருடைய ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'வகை' என்று அச்சடித்த கோட்டின் மேல் வரிசையாக: பீரோ, மின்விசிறி, நோட்டுப் புத்தகம், ஒருநாள் அன்னதானம், நோட்டுப் புத்தகம், தண்ணீர் டிரம். ஆசிரியர் சம்பளம் என்று ஒரு ரசீதில்கூட இல்லை. வாடகை என்றும் இல்லை.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே. பொருளுக்கும் நிகழ்ச்சிக்கும் தாராளமாகக் கொடுப்பவர்கள் ஓர் அமைப்பை நடத்துவதற்கு ஏன் கொடுப்பதில்லை? சம்பளம், வாடகை, கணக்கெழுத ஆள், ஆடிட் கட்டணம், நாளைக்கு என்று கொஞ்சம் கையிருப்பு ஆகியவை இல்லாமல் எந்த அமைப்பும் நிற்காது என்று கொடுப்பவருக்கும் தெரியும். அவர்களே கடை நடத்துகிறவர்கள். தங்கள் கடையில் சரக்குக்கு மட்டும் முதல் போட்டு, கணக்குப்பிள்ளைக்குச் சம்பளம் கிடையாது என்று சொல்லமாட்டார்கள்.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் பண்பாடு சார்ந்தது. நம் ஆட்களுக்குப் பெயர் பொறிக்க வேண்டும், சம்பளத்தின் மேல் பெயர் பொறிக்க முடியாது, அதனால் கொடுப்பதில்லை என்பார்கள். வெளிச்சம் மறையும்படி டியூப் லைட்டின் மேலேயே பெயர் எழுதும் கோயில் வழக்கத்தைச் சிரித்துக்கொண்டே உதாரணம் காட்டுவார்கள். எனக்கு இந்த விளக்கத்தில் முழு உடன்பாடு இல்லை. பெயர் பொறிக்கும் ஆசை பழையது என்பது சரி. ஆனால் இதே ஆற்றுக் கரையில் பெயர் பொறித்த பழைய கற்களை வாசித்தால், அவற்றில் பெரும்பகுதி நடைமுறைச் செலவுக் கணக்காகவே இருக்கிறது.

2. கல்லில் எழுதிய வரவு செலவு

அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியன் கல்வெட்டு, எபிகிராபியா இண்டிகா 9ஆம் தொகுதியில் வி. வெங்கய்யா பதிப்பித்தது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. இந்த வரகுணன் முதலாமவனா இரண்டாமவனா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது நமக்கு முக்கியமில்லை. தொண்டைநாட்டில் பெண்ணை ஆற்றங்கரை அரைசூரில் தங்கியிருந்த அரசன், எங்கோ தெற்கே உள்ள இளங்கோக்குடிக் கோயிலுக்காக 290 காசு கொடுக்கிறான். இளங்கோக்குடி இன்றைய அம்பாசமுத்திரம். பணம் கோயில் கையில் போகவில்லை, ஊர்ச் சபையார் கையில் போகிறது. நிபந்தனை: முதல் கெடக் கூடாது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் பொலிசையாக, அதாவது வட்டியாக, அளக்க வேண்டும். மொத்தம் 580 கலம். அதைக் கொண்டு அன்றாட அமுதுபடி நடக்க வேண்டும். என்னென்ன பண்டம், எவ்வளவு என்பதையெல்லாம் கல்வெட்டு விரித்துச் சொல்கிறது.

580 கலத்தை 365 நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஒன்றரைக் கலத்துக்குச் சற்று மேல் வருகிறது. இந்தச் சிறு கணக்கைத்தான் நான் இங்கே பார்க்கச் சொல்கிறேன். கொடுத்தவன் அரசன், விரும்பினால் ஒரு மண்டபம் கட்டித் தன் பெயரை வைத்திருக்கலாம். அவன் வாங்கியது, நாளைக்கும் மறுநாளும் அடுப்பு எரியும் என்ற உறுதியை. திருச்செந்தூரிலும் வரகுணன் கல்வெட்டு இதையே பெரிய அளவில் செய்கிறது. 1400 காசு; கொற்கை உள்ளிட்ட பல ஊர்களிடம் பிரித்துக் கொடுக்கப்படுகிறது; வட்டி அதே இரண்டு கலம். ஓர் ஊர் தவறினாலும் மற்ற ஊர்களின் நெல் வரும். இன்று நிதி ஆலோசகர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லும் யோசனை இது.

சம்பளம்? அதற்கும் கல் உண்டு, சற்று வடக்கே போக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் என்ற கோயில் ஆடல்மகளிர் 400 பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று எழுதி வைத்தபோது, அதே பட்டியலில் கணக்கெழுதுபவர்களுக்கும் பங்கு வைத்தான். திருமுக்கூடல் கல்வெட்டில், 11ஆம் நூற்றாண்டின் வீரராஜேந்திரன் காலத்தில், 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை வருகிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவர், மருந்து கொண்டுவருபவர், பணிப்பெண்கள், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஊதியம். இரவில் எரிய விளக்கெண்ணெய்க்கும் ஒதுக்கீடு. ஒரு மருத்துவமனையின் முழுச் செலவு, கட்டடம் தவிர்த்து, கல்லில் இருக்கிறது.

இவற்றைப் பொற்காலப் பெருமையாக வாசிக்க வேண்டாம். அந்த 580 கலத்தை விளைவித்தவர்களின் பெயர் கல்லில் இல்லை. சபையில் அவர்களுக்கு இடமும் இல்லை. நிலமும் சாதியும் தாங்கிப் பிடித்த ஏற்பாடு அது. நான் எடுத்துக்கொள்வது கொடையின் வடிவத்தை மட்டும். கோயில் வழக்கில் அந்த வடிவத்துக்குப் பெயர் கட்டளை. உபயம் என்பது ஒரு பொருளோ ஒரு நாள் செலவோ: குத்துவிளக்கு, மணி, ஒரு திருவிழா மண்டகப்படி. கட்டளை என்பது தொடர்ந்து நடப்பதற்கான ஏற்பாடு: இன்ன காலப் பூசை, இத்தனை படி அரிசி, இத்தனை பேர் ஊழியம், அதற்கு இந்த நிலம் அல்லது இந்த முதல். தொண்டு நிறுவனங்களுக்கு நாம் இன்று வழங்கும் சொல் அறக்கட்டளை. பெயரில் கட்டளை இருக்கிறது. ரசீதுப் புத்தகத்தில் உபயம் மட்டும் இருக்கிறது.

3. பிடி அரிசியும் சம்பள மானியமும்

ஆற்றின் மறுகரையில், பாளையங்கோட்டையில், இன்னொரு சான்று இருக்கிறது. 1785இல் குளோரிந்தா கட்டிய சிறு ஆலயத்தில் தொடங்கி, 1820இல் மிஷனரி ரேனியஸ் வந்து, பள்ளிகளும் கிறிஸ்தவச் சபைகளும் பெருகிய கதை பலருக்குத் தெரிந்தது. அதிகம் பேசப்படாதது அதன் பணக் கதை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சி.எம்.எஸ். என்ற சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலர் ஹென்றி வென் ஒரு கொள்கையை வற்புறுத்தினார்: உள்ளூர்ச் சபை தன் செலவைத் தானே தாங்க வேண்டும், தன்னைத் தானே ஆள வேண்டும், தானே பரவ வேண்டும். லண்டன் பணம் எந்நாளும் வராது என்ற எச்சரிக்கையும் அதில் அடக்கம். செலவு என்று அவர் முதலில் கருதியது கட்டடத்தை இல்லை. உள்ளூர்ப் போதகரின் சம்பளத்தை.

அந்தச் சம்பளத்துக்கு வழி கண்டவர்களில் பெண்களும் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து, வாரக் கடைசியில் சபைக்குக் கொண்டுபோவது. பிடி அரிசிக் காணிக்கையின் சிறப்பு, அது எந்த வகைக்கும் கட்டுப்படாதது. இந்தப் பிடி போதகருக்கு, இந்தப் பிடி மண்ணெண்ணெய்க்கு என்று யாரும் சீட்டு எழுதி வைக்கவில்லை. எல்லாம் ஒரே குதிருக்குள் போயிற்று; எது அவசரமோ அதற்குச் செலவாயிற்று. இன்று நிதி உலகம் கட்டற்ற நிதி என்று பெரிதாகப் பேசுவதை நம் பாட்டிமார் அடுப்படியில் செய்தார்கள். காஞ்சி மடத்தின் பிடி அரிசித் திட்டமும் இதே உத்திதான். மதம் இதில் ஒரு தடையாக இருந்ததில்லை.

1903 பிப்ரவரியில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் நண்பர்களும் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் இந்தப் பழக்கத்தின் மேல் எழுந்தது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. திருநெல்வேலிக் கிராமங்களின் காசில் தெலுங்குப் பகுதியான தோர்ணக்கல்லுக்கு ஊழியர்கள் அனுப்பப்பட்டார்கள். ஊழியரை அனுப்பும் ஓர் அமைப்புக்குச் சம்பளமும் பயணப்படியும்தான் முழுச் செலவும். நடைமுறைச் செலவு வேறு, பணி வேறு என்று அங்கே பிரிக்கவே முடியாது.

பாளையங்கோட்டைப் பள்ளி கல்லூரிகள் நிலைத்ததற்கு இன்னொரு காரணத்தைச் சொல்லாமல் விட்டால் கணக்கு பொய்யாகிவிடும்: அரசு மானியம். 1854ஆம் ஆண்டு சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு மானியம் தரச் சொன்னபின், மாகாணங்கள் வெவ்வேறு வழியில் போயின. பம்பாய் மாகாணம் முக்கியமாகத் தேர்ச்சி பெற்ற மாணவர் தலைக்கு இவ்வளவு என்று முடிவுக்குப் பணம் கொடுத்தது. சென்னை மாகாணம் முக்கியமாக ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்தது. கீழ்நிலைப் பள்ளிகளில் முடிவுக்குப் பணம் என்ற முறை இங்கேயும் இருந்தது. 1882 ஹண்டர் ஆணையம் இந்த முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. முடிவுக்குப் பணம் என்ற முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. சம்பள மானியம் உருமாறி இன்றும் உதவிபெறும் பள்ளிகளில் நிற்கிறது. பேட்டையில் உள்ள ம.தி.தா. இந்துக் கல்லூரி 1878இல் கல்லூரியானது. கொடையால் பெற்ற பெயரை அது தாங்கி நிற்கிறது. ஆனால் வகுப்பில் ஆசிரியர் நிற்பதற்கு மாதாமாதம் சம்பளம் வர வேண்டியிருந்தது, அதை உதவிபெறும் கல்லூரி என்ற ஏற்பாடு பார்த்துக்கொண்டது. விளைவைக் காட்டு, பணம் தருகிறேன் என்று இன்று புதிய கண்டுபிடிப்பு போலப் பேசும் கொடையாளர்கள் இந்தப் பழைய கதையை ஒருமுறை படிக்கலாம்.

4. சட்டம் போட்ட கோடு

அப்படியானால் பணி வேறு, நிர்வாகம் வேறு, பின்னது கழிவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி சட்டத்திலிருந்து. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம், எஃப்.சி.ஆர்.ஏ., நிர்வாகச் செலவுக்கு 50 சதவீத வரம்பு வைத்தது. 2020 செப்டம்பர் திருத்தம் அதை 20 சதவீதமாகக் குறைத்தது. ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு சிறிய அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதையும் தடுத்தது. எல்லோரும் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்க வேண்டும் என்றது. நிர்வாகச் செலவு எது என்று விதிகள் பட்டியலிடுகின்றன: அலுவலக மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, வாடகை, கணக்கு வைத்தல், அறிக்கை எழுதிச் சமர்ப்பித்தல், வாகன ஓட்டமும் பராமரிப்பும், சட்டச் செலவு. மருத்துவமனையின் மருத்துவர் சம்பளமும் பள்ளியின் ஆசிரியர் சம்பளமும் அதில் சேராது என்றும் விதி சொல்கிறது.

கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். மருத்துவர் சம்பளம் பணி. அவரை ஊருக்கு ஊர் கொண்டுபோகும் வண்டியின் டீசல், விதியின் பட்டியலைச் சொல்லுக்குச் சொல் வாசித்தால், நிர்வாகம். ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தை நினைத்துப் பார்க்கலாம். 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020இல் பத்மஸ்ரீ பெற்றவர். பின்னால் அவரோடு இணைந்து சங்கத்தை வளர்த்த எஸ். சங்கரராமன் தசைச் சிதைவு நோயுள்ள ஒரு பட்டயக் கணக்காளர். சேவை அமைப்பின் தூண்களில் ஒருவர் கணக்காளராக இருந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கிராமங்களில் சிதறிக் கிடக்கும் மாற்றுத்திறன் குழந்தைகளைத் தேடிப் போகும் எந்த அமைப்புக்கும் வண்டியும் கணக்கும் ஓரத்துச் செலவாக இருக்க முடியாது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, சி.எஸ்.ஆர்., இன்னொரு குழப்பம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும் என்கிறது. நிர்வாகச் செலவு அதில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2021இல் திருத்திய விதிகளைப் படித்தால், அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தும் செலவைக் குறிக்கிறது; ஒரு திட்டத்தை வடிவமைக்க, நிறைவேற்ற, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. நடைமுறையிலோ பல கம்பெனிகள் அதே 5ஐ எடுத்துத் தொண்டு நிறுவனத்தின் தலையிலும் வைக்கின்றன. கேட்டால் சட்டம் என்பார்கள்.

உள்ளூர்க் கொடையாளருக்கு இந்த இரண்டு சட்டங்களும் நேரடியாகப் பொருந்தாது. அவருக்குத் தெரிந்தது வருமான வரி விலக்கு. 2021-22 நிதியாண்டு முதல், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் சலுகை பெற, நன்கொடை பெற்ற நிறுவனம் ஒவ்வொரு கொடையாளர் விவரத்தையும் படிவம் 10பிடியில் மே 31க்குள் பதிவேற்றி, சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். நிர்வாகச் செலவுக்கு ஒரு பைசா தரமாட்டேன், ஆனால் சர்டிபிகேட் வேண்டும் என்று கேட்பவருக்கு, அந்த சர்டிபிகேட்டே நிர்வாகச் செலவு என்பதை யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

அரசு தன் பங்குக்கு இதை நன்றாகவே அறியும். 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி கோயில்கள் தம் வருமானத்தில் 12 சதவீதம் வரை நிர்வாகப் பங்களிப்பாகவும் 4 சதவீதம் வரை தணிக்கைக் கட்டணமாகவும் துறைக்குச் செலுத்துகின்றன. அந்த விகிதம் நியாயமா என்பது வேறு வழக்கு. மேற்பார்வைக்கும் தணிக்கைக்கும் பணம் ஆகும் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் இங்கே போதும்.

5. குறைத்துச் சொல்லும் பழக்கம்

2009இல் ஆன் காகின்ஸ் கிரகரியும் டான் ஹோவர்டும் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த நோய்க்குப் பட்டினிச் சுழல் என்று பெயர் வைத்தது. கொடையாளர் நிர்வாகச் செலவைக் குறைவாக எதிர்பார்க்கிறார். நிறுவனம் குறைத்துக் காட்டுகிறது. காட்டிய பொய்யை அளவுகோலாக வைத்து அடுத்த கொடையாளர் இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார். 2013இல் அங்கே நிறுவனங்களை மதிப்பிட்டுவந்த மூன்று அமைப்புகளே, நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் பார்த்து நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்று கூட்டாகக் கடிதம் எழுத நேர்ந்தது.

இந்தியாவில் பிரிட்ஜ்ஸ்பான் குழு 388 தொண்டு நிறுவனங்களிடம் நடத்திய ஆய்வில் 83 சதவீதம் நிறுவனங்கள் மறைமுகச் செலவுக்குப் பணம் திரட்டத் திணறுவதாகச் சொல்லின. ஓரளவு வசதியும் பெயரும் உள்ள 40 நிறுவனங்களின் கணக்கை அலசியபோது, மறைமுகச் செலவு 5 முதல் 51 சதவீதம் வரை பரவியிருந்தது; நடு எண் 19. எனக்கு இதில் முக்கியம் 19 இல்லை, அந்த அகலம். காட்டில் பறவை எண்ணும் அமைப்புக்கும் மருத்துவமனைக்கும் ஒரே விகிதம் பொருந்தாது என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

மாலைப் பள்ளிக்கு வருவோம். கணக்குப் புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு மட்டும், எந்தப் பள்ளியின் உண்மைக் கணக்கும் அன்று. 40 பிள்ளைகள். ஆசிரியர் இருவருக்கு மாதம் 16,000 ரூபாய். புத்தகம், சுண்டல் 4,000. ஆக 20,000. அறை வாடகை 4,000; கரண்ட், போன் 1,000; வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளையும் பெற்றோரையும் பார்க்கும் ஒருங்கிணைப்பாளருக்குப் பகுதி நேரச் சம்பளம் 3,500; ஆடிட்டுக்கும் படிவங்களுக்கும் மாதச் சராசரி 1,500. இது 10,000. மொத்தம் 30,000, பிள்ளைக்கு 750. நோட்டீஸில் என்ன போடுவார்கள்? 'ஒரு பிள்ளையின் படிப்புக்கு மாதம் 500 ரூபாய் மட்டுமே.' நாற்பது பிள்ளைக்கும் ஆள் கிடைத்தாலும் மாதம் 10,000 துண்டு விழும். அந்தத் துண்டு முதலில் வாடகைப் பாக்கியாகிறது, பிறகு ஆசிரியரின் சம்பளப் பாக்கியாகிறது. அப்புறம் பூட்டு. 500 என்று போட்டவர் கொடையாளரை ஏமாற்ற நினைத்தவர் இல்லை. 750 என்றால் யாரும் தரமாட்டார்கள் என்று பயந்தவர். சுழலில் நம் பங்கு இந்தப் பயம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றது. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. அடுத்த சில நாளில் ரொட்டியும் போர்வையும் பிஸ்கட்டும் லாரி லாரியாக வந்தன. கொடுத்த மனசை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த ஊருக்கு எது போயிற்று, எது போகவில்லை என்று பட்டியல் எழுத ஆள், இறக்கி வைக்க இடம், உள் கிராமத்துக்குப் போகிற வண்டிக்கு டீசல், மூன்று நாள் தூங்காமல் போன் எடுத்தவருக்குச் சாப்பாடு என்பவற்றை யாரும் உபயமாக அனுப்புவதில்லை. அன்று உருப்படியாக இயங்க முடிந்தவை, வெள்ளத்துக்கு முன்பே ஆளும் அலுவலகமும் வைத்திருந்த அமைப்புகள்.

சத்தமில்லாத பணிக்கு இது இன்னும் கடினம். ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. எண்ணுபவர்கள் தன்னார்வலர்கள், சம்பளம் கிடையாது. ஆனால் ஆண்டுதோறும் அதே குளங்களுக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பி, எண்களைச் சரிபார்த்துச் சேர்த்து வைப்பவருக்கு வேண்டும். அந்தத் தொடர்ச்சி அறுந்தால் பழைய எண்களின் பயனும் குறைந்துவிடும்.

6. ஐயங்கள்

கொடையாளர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் தாண்டிப் போகும் கட்டுரைகள் என்னை நம்ப வைத்ததில்லை.

முதல் ஐயம் திருட்டு. குடும்ப உறுப்பினரையே டிரஸ்டியாகப் போட்டு, நிர்வாகச் செலவு என்ற பெயரில் கார் வாங்கியவர்களை எல்லா ஊரும் பார்த்திருக்கிறது. உண்மை. ஆனால் பொருளாகக் கொடுத்தால் திருட்டு நிற்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. பீரோவுக்கும் போலி பில் போடலாம். திருட்டைக் கண்டுபிடிப்பது தணிக்கை. தணிக்கைக்குப் பணம் தராமல் நாணயத்தை எதிர்பார்க்கிறோம்.

இரண்டாவது, கட்டளைகளே அழிந்தனவே என்ற ஐயம். இது வலுவானது. முதல் கெடக் கூடாது என்று கல்லில் வெட்டியும் முதல் கெட்டது. சபைகள் மறைந்தன, கட்டளை நிலத்தின் குத்தகை வரவில்லை, ரூபாயில் வைத்த முதலின் வட்டி விலைவாசிக்கு முன் கரைந்து ஒரு மாத எண்ணெய்க்குக்கூடக் காணாமல் போயிற்று. வரகுணன் வட்டியை நெல்லாகக் கேட்டது புத்திசாலித்தனம். நெல்லின் விலை ஏறினாலும் கலம் கலம்தான். வங்கி வட்டியை நம்பி வைக்கும் நிரந்தர நிதிக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே சிறிய அமைப்புகளுக்குப் பெரிய நிரந்தர நிதியைவிட, மூன்றாண்டு ஐந்தாண்டு வாக்குறுதி பெரும்பாலும் மேலானது என்பது என் கருத்து. ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்பத் திருத்திக்கொள்ளவும் முடியும்.

மூன்றாவது, தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ளட்டுமே என்பது. இதற்கு எல்லோரும் காட்டுவது அரவிந்த் கண் மருத்துவமனையை. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கி, 1988இல் திருநெல்வேலிக்கும் வந்தது. பணம் கட்டும் நோயாளிகளின் கட்டணத்தில் இலவச நோயாளிகளின் சிகிச்சை நடக்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் அது கண்புரைக்குப் பொருந்தும், ஏனென்றால் பணக்காரருக்கும் கண்புரை வரும். பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியையோ, அதே பத்தாண்டில் ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் தொடங்கிய செவித்திறன் அற்றோர் பள்ளியையோ அப்படி நடத்தியிருக்க முடியாது. பீடித் தொழிலாளியின் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் எந்தக் கட்டணம் எந்தக் கட்டணத்தைத் தாங்கும்?

7. கேட்கும் முறை

உலகில் பெரிய கொடையாளர்கள் மெல்ல மாறுகிறார்கள். ஃபோர்டு அறக்கட்டளை 2016இல் நிறுவனங்களை வலுப்படுத்துவதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கி 100 கோடி டாலர் ஒதுக்கியது. மெக்கென்சி ஸ்காட் 2020 முதல் நிபந்தனையில்லாக் கொடைகளை வழங்கி வருகிறார். எடெல்கிவ் அமைப்பின் குரோ நிதி 100 இந்திய அடித்தள அமைப்புகளை வலுப்படுத்த முனைந்தது. இவையெல்லாம் பேட்டைக்கு எட்டாத தூரம். பேட்டையில் கொடுப்பவர்கள் கடைக்காரர்கள், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருபவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதே நமக்கு வேலை.

நிர்வாகச் செலவு என்று கேட்டால் கிடைக்காது. அந்தச் சொல்லுக்கு இங்கே கெட்ட பெயர். கட்டளை என்று கேட்கலாம். 'இந்தப் பள்ளியின் ஒரு நாள் நடப்புக்கு 1,000 ரூபாய். இன்ன மாதத்தின் முதல் திங்கள் உங்கள் கட்டளை, மூன்று வருஷத்துக்கு' என்றால் அது அவருக்குப் புரிந்த மொழி. மேலே போட்ட எடுத்துக்காட்டில் 30,000ஐ முப்பதால் வகுத்த தொகை அது. வாடகையும் ஆடிட்டும் சம்பளமும் அதற்குள் இருக்கின்றன, தனியே மன்றாட வேண்டியதில்லை. பெயர் வேண்டுமா, தாராளமாகப் போடலாம். கரும்பலகையின் மூலையில் இன்றைய கட்டளை இன்னார் என்று பிள்ளைகளே எழுதலாம். பெயராசையோடு சண்டை போடுவதைவிட அதை வாடகையின் பக்கம் திருப்பிவிடுவது எளிது.

அதற்குமுன் அமைப்புகள் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. 750ஐ 750 என்று சொல்வது. முழுக் கணக்கை, சம்பளம் உட்பட, அறை வாசலில் ஒட்டுவது. 580 கலத்தைக் கல்லில் வெட்டியதன் நோக்கமும் அதுதான்: எவரும் வந்து வாசித்து, குறைந்தால் கேட்கலாம். கணக்கை மறைத்துக்கொண்டு நம்பிக்கையைக் கேட்கும் அமைப்புக்கு நான் பரிந்து பேசமாட்டேன்.

கையிருப்பும் தேவை. வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவழிக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம் வகுத்த விதி. மீதி 15 சதவீதத்தை ஒதுக்கி வைக்க அனுமதி உண்டு. நிரந்தர நிதிக்கென்று கொடையாளர் எழுத்தில் குறிப்பிட்டுக் கொடுக்கும் பணத்துக்குத் தனி விதி உண்டு. சட்டம் விட்டிருக்கும் இந்த இடத்தைக்கூட, 'பணம் மிச்சம் இருக்கிறதே, பிறகு ஏன் கேட்கிறீர்கள்' என்ற கேள்வியால் நாம் அடைத்துவிடுகிறோம். மூன்று மாதச் சம்பளம் கையில் இருந்திருந்தால் பேட்டை மாலைப் பள்ளியின் ஆசிரியை ஜவுளிக்கடைக்குப் போயிருக்கமாட்டார்.

நான்காவது பீரோ ஒன்று பேச்சில் இருப்பதாகப் பொருளாளர் சொன்னார். கொடுக்க நினைப்பவர் இதைப் படிக்கக்கூடும். அவரைப் போன்ற வேறு யாரும் படிக்கலாம். பீரோவின் விலையைக் கொடுங்கள், குறைக்க வேண்டாம். ரசீதில் 'வகை' என்ற இடத்துக்குப் பொருளாளரின் பேனா வரும்போது மட்டும் ஒரு நொடி நிறுத்தி, 'ஆசிரியர் சம்பளம், வாடகை' என்று எழுதச் சொல்லுங்கள்.